பதினோரு புகார், ஒரே வரி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அரைப்பக்கம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் அரைப்பக்கம். அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் தொலைபேசியில் யாரோ அவருடைய பதவியின் நீளப் பெயரைச் சொல்லத் தெரியாமல் திணறியபோது, "அரைப்பக்கம்தான் பேசறேன், சொல்லுங்க" என்றார். அதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் எதிர்மேசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

எங்கள் வேலை இதுதான். தொழிற்சாலையிலோ கிடங்கிலோ விபத்தில் அடிபட்டவர்களும், செத்தவர்களின் வீட்டாரும், முதல் விசாரணையில் வந்த தீர்ப்பு சரியில்லை என்று மேல்முறையீடு செய்வார்கள். ஒவ்வொரு கோப்பும் தலையணை கனம் இருக்கும். தீர்ப்புச் சொல்லும் மூவர் குழுவுக்கு அதையெல்லாம் படிக்க நேரம் கிடையாது. உள்ளதைச் சொன்னால் மனசும் கிடையாது. அதனால் இரண்டாம் மாடியில், எதிரெதிராகப் போட்ட இரண்டு மேசைகளில், அவரும் நானும் ஒவ்வொரு கோப்பையும் அரைப்பக்கமாகக் குறைப்போம். குழு படிப்பது அந்த அரைப்பக்கத்தை மட்டும்தான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் யாரோ தோற்றுப்போன வழக்கின் அட்டையை மடித்து இடுக்கில் செருகியிருந்தோம்.

அவருக்கு என்னைவிட நான்கு வயதுதான் அதிகம். ஆனால் பிடிவாதத்தில் நூறு வயது அதிகம். அவர் போட்ட விதிகள்தான் அந்த அறையில் சட்டம். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொல் எதுவும் நிற்கக் கூடாது. 'பரிதாபத்துக்குரிய விதவை' என்று வந்தால் 'மனைவி'. 'மதிப்புமிக்க எங்கள் நிறுவனம்' என்று வந்தால் வெறும் 'நிறுவனம்'. ஒரு தரப்பு 'கூறியது', மறு தரப்பு 'குற்றம்சாட்டியது' என்று எழுதினால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு விழும். இரண்டு பேரும் கூறினார்கள், அவ்வளவுதான். அந்தத் தரப்புக்கு ஏழு வரி என்றால் இந்தத் தரப்புக்கும் ஏழு வரி. ஒருவருக்கு ஒரு வரி எழுதினால் அதற்கு மற்றவர் சொன்ன பதில் எதிரே நிற்க வேண்டும். கடைசியாக ஒன்று: ஒரே விஷயத்தை எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் நாம் எழுதுவது ஒரு தடவை.

இந்த விதிகளை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "ஏன் சார், உங்க வீட்ல பருப்பு தீந்துபோச்சுன்னு அக்கா சொன்னா, கடைக்காரரோட பதிலையும் கேட்டுட்டுத்தான் வாங்குவீங்களா?" என்பேன். அக்கா என்றால் அவருடைய மனைவி. அவர் பென்சிலைக் கீழே வைக்காமலே, "தீந்துபோச்சுன்னு அவ 'கூறினாள்'. தீந்துபோச்சான்னு டப்பாவைப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். அக்கா ஒரு தடவை அலுவலகத்துக்கு வந்தபோது என் காதைக் கடித்தாள். "இவர்கிட்ட ஒண்ண ரெண்டு தரம் சொல்ல முடியாது. அதான் சொல்லிட்டியேன்னுடுவார். நான் சொல்றதையே நிறுத்திட்டேன்." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் எட்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீடு, நடுவே இவர் மட்டும். "அந்தக் கழுதைகிட்ட போய் விளக்கை அணைக்கச் சொல்லு" என்பார் அப்பா. இவர் அடுத்த அறைக்குப் போய், "விளக்கை அணைக்கணுமாம்" என்பார். "இந்த வீட்டுக்கு வந்து நான் என்ன சுகத்தக் கண்டேன்னு கேளு, அப்படியே சாவி எங்கன்னும் கேளு" என்பாள் அம்மா. இவர் திரும்பி வந்து, "சாவி எங்கன்னு கேக்கறாங்க" என்பார். ஏழு வயதிலேயே வசவை உதறிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துப்போகக் கற்றுக்கொண்டாராம். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

உண்மையிலேயே அவர் வேலை சுத்தம். பூசி மெழுகுவது அவரிடம் நடக்காது. பெரிய நிறுவனத்து ஆள் ஒருவர் சால்வையும் பழக்கூடையுமாக வந்து, மாடிப்படியிலேயே அப்படியே திரும்பிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அழுதுகொண்டே வந்தவர்களையும் அவர் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. "அழுதவங்களுக்கு ஒரு வரி அதிகமா எழுதினா, அழத் தெரியாதவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக் கோப்பு அவர் மேசைக்கு வந்தது.

அட்டையை வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்த ஒருவர் அதில் சிக்கிச் செத்துப்போனார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதல் தீர்ப்பு. அவருடைய மனைவி மேல்முறையீடு செய்திருந்தாள். தையல் கூடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கிறவள். உதவித்தொகை பற்றி மனுவில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மீதியெல்லாம் அந்தக் 'கவனக்குறைவு' என்ற சொல்லைப் பற்றித்தான். "என் மகள் அவள் அப்பா கவனமில்லாமல் செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு ஒரு காகிதம் கொடுங்கள், அவளிடம் காட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பகுதியைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "தீர்ப்பில் உள்ள கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கும்படி மனைவி கோரினார்" என்று எழுதினார்.

கோப்பில் தொழிற்சாலையின் பழுதுப் பதிவேடும் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இயந்திரத்தில் என்ன கோளாறு என்று ஓட்டியவரே எழுதிவைக்கும் நோட்டு. அதில் செத்துப்போனவர் நான்கு மாதத்தில் பதினோரு தடவை ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்: 'நிறுத்தும் பொத்தான் சிக்குகிறது.' அதே எழுத்து, அதே சொற்கள், தேதி மட்டும் வேறு. நிறுவனமும் தன் முன்னூறு பக்கப் பதிலில், 'தொழிலாளிக்கு முறையான பயிற்சி தரப்பட்டது' என்று நாற்பது இடத்தில் சொல்லியிருந்தது. எங்கள் ஆள் என்ன செய்வார்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டையும் ஒரே மாதிரி எடைபோட்டார். நிறுத்தும் பொத்தான் சிக்குவதாகத் தொழிலாளி பதிவேட்டில் குறிப்பிட்டிருந்தார், ஒரு வரி. பயிற்சி தரப்பட்டதாக நிறுவனம் கூறியது, ஒரு வரி. ஏழுக்கு ஏழு. நான் படித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

மூவர் குழு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 'கோளாறை ஒரு முறை குறித்துவைத்துவிட்டு, அது சரிசெய்யப்பட்டதா என்று கேட்காமல் தொடர்ந்து வேலை செய்ததும் தொழிலாளியின் கவனக்குறைவையே காட்டுகிறது' என்று தீர்ப்பில் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அந்த மனைவி மாடி ஏறி வந்தாள். தீர்ப்போடு எங்கள் அரைப்பக்கத்தையும் இணைத்துத்தான் கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்திருந்தாள். மற்ற கையில் பதிவேட்டின் நகல்கள். சத்தம் போடப் போகிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவள் சத்தம் போடவில்லை. அவர் மேசைமேல் நகல்களை ஒவ்வொன்றாக வரிசையாக வைத்தாள். இடம் போதாமல் கடைசி இரண்டை என் மேசைமேல் வைத்தாள்.

"பதினோரு தடவ எழுதியிருக்காரு சார். நீங்க ஒரு தடவைன்னு எழுதியிருக்கீங்க."

"ஒரு தடவைன்னு நான் எழுதலம்மா."

"எத்தனைன்னு எழுதினீங்க?"

அவர் விதியைச் சொன்னார். "ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தா ஒரு தடவதான் எடுத்துக்குவோம். எல்லாருக்கும் அப்படித்தான். கம்பெனி நாப்பது தடவ சொன்னதுக்கும் அப்படித்தான் செஞ்சோம்."

"அவங்க நாப்பது தடவ சொன்னது நீங்க நம்பணும்னு. இவரு பதினோரு தடவ எழுதினது யாருமே வந்து பாக்கலேன்னு. ரெண்டும் ஒண்ணா சார்?"

படிக்கிற வேலைக்காக எங்கள் இரண்டு பேருக்கும் சம்பளம் தருகிறார்கள். எங்களுக்குப் புரியாதது கழுத்துப்பட்டி தைக்கிறவளுக்குப் புரிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவள் நகல்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டபோது, "இது எங்க பிழைம்மா. நான் எழுதிக் கேக்கறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் 'பிழை' என்று தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "நீ என்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தது என்ன?" என்று கேட்டிருக்கிறார். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாளாம். "ஞாபகம் இல்லீங்க. விடுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாளாம். மறுநாள் இதை என்னிடம் சொன்னவர், கூடவே இன்னொன்றும் சொன்னார். "எங்க அம்மா என்ன சுகத்தக் கண்டேன்னு கேக்கச் சொன்னாங்க இல்ல, அதை நான் எங்கப்பாகிட்ட கொண்டுபோகவே இல்ல. எட்டு வருஷமா சாவிய மட்டும்தான் கேட்டிருக்கேன். அவங்க போய்ச் சேந்துட்டாங்க."

"டீ ஆறிப்போகுது சார்" என்றேன்.

அலுவலகத்தின் பிழையால் தீர்ப்பு தவறினால் முப்பது நாளுக்குள் மறுவிசாரணை கேட்கலாம். கோப்பை மறுபடி வாங்கி, தினமும் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஏழு பக்கம் எழுதினார். அந்த மனுஷன் எழுதியதா அது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 'கொடுமையான' என்று இருந்தது. 'என் ஆணவம்' என்று இருந்தது. 'பதினோரு முறை' என்பது பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ஆனால் எந்தக் காகிதமும் சுருக்கம் இல்லாமல் குழுவிடம் போகாது. தன் மனுவைத் தானே சுருக்கவும் கூடாது. அலுவலகத்தில் சுருக்கம் எழுதும் ஆள் இரண்டே பேர். ஏழு பக்கமும் எதிர்மேசையிலிருந்து என் மேசைக்கு வந்தது.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தாலாவது என் மனசை இப்படி அரிக்காது.

நான் அதை அழகாகச் சுருக்கினேன். 'கொடுமையான' போயிற்று, 'ஆணவம்' போயிற்று. பதினோரு முறை என்ற எண்ணைப் பத்திரமாக முதல் வரியிலேயே வைத்தேன். அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு மிதப்பு. மனுவின் தரப்பில் எட்டு வரி வந்தது. நிறுவனத்தின் தரப்பில் ஏழுதான் வந்தது. ஒரு வரிக்கு எதிரே பதில் இல்லை. கோப்பு முழுக்கத் தேடினேன், நிறுவனம் அதைப் பற்றி எங்கேயும் வாயே திறக்கவில்லை. எதிர்வரி இல்லாத வரியை எப்படி நிறுத்துவது? வெட்டினேன். ஏழுக்கு ஏழு. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.

தீர்ப்பு இருபது நாளில் வந்தது. 'நிறுத்தும் பொத்தான் சிக்குவதைப் பதினோரு முறை அறிந்திருந்தும், வேறு இயந்திரம் கேட்காமல் அதிலேயே வேலை செய்தது கடும் கவனக்குறைவு ஆகும். மறுவிசாரணை கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது. இதன்மேல் முறையீடு இல்லை.'

அவர் அதை நின்றுகொண்டே படித்தார். 'கடும்' என்ற சொல்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். முப்பது வருஷமாக ஒட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப்போட்ட மனுஷன், ஒன்றைப் பிடுங்கச் சொல்லி மன்றாடிய இடத்தில் ஒன்று கூடியிருந்தது. பிறகு பின்னால் இணைத்திருந்த என் அரைப்பக்கத்தைத் திருப்பினார். பழக்க தோஷத்தில் சிவப்புப் பென்சிலை எடுத்து வரிகளை எண்ணினார்.

"ஏழு, ஏழு. சரியா இருக்கு" என்றார்.

நான் எழுந்து அவர் மேசைப் பக்கம் போனேன்.

"ஆறாவது பக்கத்துல ஒண்ணு எழுதியிருந்தேனேம்மா."

"அதுக்குக் கம்பெனி பதில் சொல்லல சார். எதிர்வரி இல்ல."

"ஆமா" என்றார். "இல்ல." பென்சிலைக் கீழே வைத்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் வந்தாள். இந்தத் தடவை உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். தீர்ப்பு நான்கு பக்கம். அவள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினாள்.

"பன்னெண்டு மணிக்குக் கூடத்துல இருக்கணும் சார். என்ன போட்டிருக்குன்னு சுருக்கமா சொல்லுங்க."

அவருக்குச் சொல்ல வரவில்லை. வாழ்நாளில் அவருக்கு வந்த ஒரே வேலை அது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியைப் பார்த்தேன். கடைசியில் அவரே மென்று விழுங்கிச் சொன்னார். "அந்த வார்த்தைய எடுக்கலம்மா. கூட ஒரு வார்த்த சேத்திருக்காங்க."

எந்த வார்த்தை என்று கேட்டாள். சொன்னார். அவள் காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "பொண்ணுகிட்ட காட்டறதுக்குத்தான் கேட்டேன்" என்றாள். "இத காட்ட முடியாதே." எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்டது.

அதற்குப் பிறகு அவர் எழுதியவை எல்லாம் திரும்பி வந்தன. இரண்டு பக்கம், மூன்று பக்கம், ஒரு தடவை ஒன்பது பக்கம். யார் எத்தனை தடவை எதைச் சொன்னார்கள் என்று தேதியோடு எழுதி அனுப்பினார். குழுவிலிருந்து முதலில் குறிப்பு வந்தது, அப்புறம் எச்சரிக்கை வந்தது, அப்புறம் மாற்றல் வந்தது. இப்போது கீழே தபால் பிரிவில் உறைகளில் முகவரி எழுதுகிறார். படியில் எதிர்ப்பட்டால், "சாப்டியாம்மா?" என்பார். நான் சாப்பிட்டேன் என்பேன். இரண்டு படி இறங்கியதும் திரும்பி மறுபடியும், "சாப்டியா?" என்பார். மறுபடியும் பதில் சொல்வேன். அவர் மேசையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ அரைப்பக்கம் என்று சொன்னது காதில் விழுந்தது.

அந்தக் கோப்பு கீழே ஆவண அறையில், கட்டிப்போட்டு, அடிவரிசையில் இருக்கிறது. அதை இனி யாரும் திறக்கப்போவதில்லை. பதிவேட்டின் நகல்களில் ஆறாவது புகாருக்குக் கீழே, 'வேறு இயந்திரம் தரவும்' என்று செத்துப்போனவர் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். ஓரத்தில், வேறு மையில், மேற்பார்வையாளரின் கை: 'வேறு இல்லை. ஓட்டினால் ஓட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ.'

நான் வெட்டிய வரி அது. அவர் கேட்டார். இல்லை என்றார்கள். இதற்கு எதிர்வரி இன்றுவரை கிடையாது.